கறை தெரியாத துணி

1

இந்தக் கதை சிரிப்புக் கதையாகத்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாற்றிவிட்டேன் என்று பிறகு நீங்கள் சண்டைக்கு வரக்கூடாது. ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, "சார், எல்லாரும் அழுவுற கதையாவே அனுப்புறாங்க, நீங்களாவது லேசா ஒண்ணு குடுங்க" என்றார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் என் எதிரில் ஒரு நாய் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விடுவேனா? உடனே சரி என்றேன்.

இப்போது அதே கதையை நாய் டாக்டரின் கிளினிக்கில், சுவரோரமாகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். புதுத்தாள் எடுத்து வரவில்லை. சிரிப்புக் கதைக்காக எழுதிக் கிழித்த பக்கங்கள்தான் எப்படியோ கையோடு வந்திருக்கின்றன. அவற்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு தாளில் மட்டும் எழுத முடியாது. ஏன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

எதிரில் ஒரு கதவு மூடியிருக்கிறது. அதற்குப் பின்னால் எங்கள் நாய் பாபினை மேசையில் படுக்கவைத்திருக்கிறார்கள். பிழைக்குமா என்று யாரும் சொல்லவில்லை. பெஞ்சின் மறுகோடியில் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு எதையோ தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஊசி, எனக்குப் பேனா. இரண்டு பேராலும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள் இவை.

"பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமலேயே சீருடை வாங்கிய ஒரே மாணவி எங்கள் பாபின்." (பத்திரிகைக்காரருக்குப் போனில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.)

"தையல்காரி வீட்டில் அடுத்தவர் போட்ட தையலுக்கு மரியாதை கிடையாது." (கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். பாபினுக்கு ஆபரேஷன் முடிந்து வந்த அன்று டாக்டரம்மா போட்டிருந்த தையலைப் பார்த்துவிட்டு, "ஒரே சீரா, இழுக்காம, அழகாப் போட்டிருக்காங்க" என்றாள் என் மனைவி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.)

"பாபின் நிம்மதியாகத் தூங்குகிறது. அதன் தூக்கத்தில் ஒரு—"

இது பாதியில் நின்ற வாக்கியம். ஒரு என்ன? ஒரு அமைதியா, ஒரு பெருமிதமா? ஏதோ ஒரு பெரிய வார்த்தைக்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பார்த்திருக்க வேண்டும்.

* பாபினை நான் 'அது' என்று எழுதுவேன். மனைவி முறைப்பாள். ஆனால் 'அவள்' என்று எழுதினால் எந்த அவள் என்று நீங்கள் குழம்புவீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே தையல் மிஷினின் நூல் உருளையான பாபினைக் கவ்விக்கொண்டு நூலை வீடு முழுக்கச் சுற்றியதால் அந்தப் பெயர். மற்றபடி அதற்கு அடையாளம், ஒரு காது நிற்கும், ஒரு காது படுக்கும்.

3

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். முன்னறையில் இரண்டு மிஷின்கள். சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள். பாபின் வளர்ந்ததும் தெருவில் உள்ள ஆண் நாய்கள் எல்லாம் எங்கள் வாசலில் முகாம் போட ஆரம்பித்தன. குட்டி போட்டால் யார் பார்ப்பது, எங்கே கொண்டுபோய் விடுவது என்று நான் வழக்கம்போல இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் முடிவெடுத்தாள். "கர்ப்பப்பைய எடுத்துட்டா அவளுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்று தூக்கிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தாள்.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். ஓடவிடக்கூடாது. படி ஏறவிடக்கூடாது. காயத்தை நக்கவிடக்கூடாது. காலையும் மாலையும் காயத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிட்டிருந்தார்கள். பாபின் அதோடு மிஷின் காலில் முட்டியது, கதவில் முட்டியது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது, கடைசியில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஊளையிட்டது. என் மனைவியால் தாங்க முடியவில்லை. பாபினைப் பிடித்து நிறுத்தி, கழுத்து, மார்பு, வயிறு, பின்தொடை எல்லாம் அளவெடுத்தாள். ஒரு மணி நேரத்தில் உடம்பை மூடும் சட்டை ஒன்று தயார். முதுகில் நாடா வைத்துக் கட்டுவது.

நான் தைரியமாகச் சொல்வேன், அப்படி ஒரு சட்டையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. காலிடுக்கில் பிடிக்கவில்லை, வயிற்றில் தொங்கவில்லை. உள்ளே உறுத்தக்கூடாது என்று மெத்தென்று லைனிங் கொடுத்திருந்தாள். போட்டுவிட மட்டும் இரண்டு பேர் வேண்டும். நான் முன்னங்கால்கள் இரண்டையும் என் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் நாடாவைக் கட்டுவாள். "ரெண்டு கையும் காலியா வாங்க" என்று கூப்பிடுவாள். பேனாவோடு போய் ஒருமுறை திட்டு வாங்கினேன்.

துணியைப் பற்றிச் சொல்லவில்லையே. மெரூன்.

* வெள்ளையும் இருந்தது. சுருள் பக்கத்திலேயே நின்றது. அவள் கை நேராக மெரூனுக்குத்தான் போனது. இத்தனை வருஷமாகப் பிள்ளை பெற்றவர்கள் அவளிடம் வந்து கேட்பது ஒன்றே ஒன்று: கறை தெரியாத துணியாகப் பார்த்துத் தைத்துக் கொடுங்கள். மண்ணில் புரண்டாலும், மையைக் கொட்டினாலும், மூக்கைத் துடைத்தாலும் வெளியே தெரியக்கூடாது. அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. "தரையில புரளுவா, மெரூன்னா அழுக்குத் தெரியாது" என்றாள். நானும் நல்ல யோசனை என்றேன்.

4

இந்தப் பகுதியை எழுதத்தான் பயமாக இருக்கிறது.

சட்டை போட்டதும் பாபின் அடங்கிவிட்டது. ஊளை நின்றது. என் எழுதுமேசைக்கு அடியில், நான் கிழித்துப் போட்ட தாள்களின்மேல் படுத்துக்கொண்டது. வாசலில் பால்காரர் வந்தால் வீட்டை இரண்டாக்கும் நாய், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. மாடிவீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்ன டெய்லரம்மா, புள்ளய எந்த ஸ்கூல்ல சேத்திருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

"ஒழுக்கமான ஸ்கூல்" என்றேன் நான். "பாருங்க, வாயத் தொறக்கிறாளா?"

டாக்டரம்மா ஓடவிடாதே என்றார், பாபின் ஓடவில்லை. குதிக்கவிடாதே என்றார், குதிக்கவில்லை. நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு பேருக்கும் உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையை அப்படியே கதையில் எழுதினேன். 'மேலாடையின் கண்ணியத்தை உணர்ந்த மாணவி' என்று ஒரு வரி. அதை எழுதும்போது மேசைக்கு அடியில் பாபினுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது.

காயத்தைப் பார்த்தீர்களா என்றுதானே கேட்கிறீர்கள்? டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டார். முதலில் ஒழுங்காகப் பார்த்தோம். சட்டையைக் கழற்றி, திருப்பிப் போட்டு, வெளிச்சத்தில் பார்த்தோம். காயம் உலர்ந்து அழகாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் பாபின் முனகியது, திரும்ப மாட்டும்போது நடுங்கியது. பிறகு ஒரு நாள் மாலை அவள், "பாவம், இப்பத்தான் தூங்குறா, சட்டை மேல தொட்டுப் பாத்துக்கலாம்" என்றாள். தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. கையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மறுநாள் காலை நான் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் உலர்ந்திருந்தது. அவ்வளவு நல்ல லைனிங்.

நேற்று சாப்பிடவில்லை.

"ஏன் சாப்பிடல?" என்று கேட்டேன்.

"மாத்திர மயக்கமா இருக்கும்" என்றாள்.

"இருக்கும்" என்றேன். பேனாவைக் கீழே வைக்காமலேயே சொன்னேன்.

5

இன்று காலை கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று பழைய பக்கங்களைத் தேடினேன். எல்லாம் பாபினுக்கு அடியில் கிடந்தன. மெதுவாக அதன் இடுப்பைத் தூக்கி ஒரு தாளை உருவினேன். பாபின் என்னைப் பார்த்தது. நிற்கும் காதும் படுத்திருந்தது.

தாளில், "பாபின் நிம்மதியாகத் தூங்குகிறது" என்ற வாக்கியத்தின்மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பழுப்புச் சிவப்பு. ஓரம் காய்ந்து நடுவில் ஈரம். முதலில் மை கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் சிவப்பு மையில் எழுதுவதில்லை என்று உறைக்க ஒரு நொடி ஆயிற்று. பிறகு நாற்றம் வந்தது.

"ஏம்மா! இங்க வா! சீக்கிரம் வா!"

மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் வந்தாள், தாளைப் பார்த்தாள். நாடாவை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை. கழுத்தில் தொங்கிய கத்திரிக்கோலால் சட்டையை முதுகோடு வெட்டி இரண்டாகப் பிரித்தாள். தாளில் பட்ட ஓரிடம் தவிர வெளித்துணி உலர்ந்தே இருந்தது. லைனிங் சொதசொதவென்று நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. அதை உரித்தபோது பாபின் கத்தவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. தையல் பாதிக்குமேல் விட்டிருந்தது. அதற்கு மேல் நான் வர்ணிக்கமாட்டேன். வர்ணிக்கத் தெரியும், ஆனால் இங்கே அந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டி பிடிக்க வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் பாபினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பையில் எதையெதையோ திணித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு எடுக்கிறாள் என்று நினைத்தேன். நானும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தரையில் கிடந்த தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஆபத்து நேரத்தில் எழுத்தாளன் காப்பாற்றியது எதை என்று பார்த்தீர்களா?

டாக்டரம்மா காயத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"தெரியல டாக்டர்."

"தெனமும் தொறந்து பாத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "மேல தொட்டுப் பாத்தோம் டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "சில நாய்க்கு எப்படிப் பாத்தாலும் தையல் விட்டுடும்மா. ஆனா ஈரம் உள்ளேயே நின்னு சீழ் புடிச்சிருக்கு. ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி. உள் தையலும் விட்டிருக்கான்னு தொறந்துதான் பாக்கணும். ஜுரம் ஜாஸ்தியா இருக்கு, மயக்க மருந்த தாங்குவாளான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. செய்யட்டுமா?"

"செய்யுங்க" என்றாள் அவள். இந்தத் தடவையும் அவள்தான் சொன்னாள்.

கதவு மூடியது.

6

மூன்றாவது பகுதியை இங்கே உட்கார்ந்து முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். துணி எடுக்கும் இடம் இப்படி இருந்தது:

"அவள் கை ஒரு கணம் மெரூன் சுருளின்மேல் தயங்கியது. பிறகு ஏதோ தோன்ற, பக்கத்தில் நின்ற வெள்ளையை எடுத்தாள்."

கதை எழுதுகிறவனுக்கு இருக்கும் ஒரே வசதி இதுதானே. துணியின் நிறத்தை மாற்றினால் போதும். மறுநாள் காலையிலேயே வெள்ளைச் சட்டையில் குங்குமப் பொட்டளவு ஒரு புள்ளி தெரியும். ஓடிவருவோம். டாக்டரம்மா இரண்டு தையல் சேர்த்துப் போட்டு, மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். சப்பென்று இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். சப்பென்ற கதைக்காக இன்று நான் என் நல்ல கதைகள் எல்லாவற்றையும் தரத் தயார்.

எழுதிக்கொண்டே போனேன். அவள் எப்போது நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"சும்மா. கதைதானே."

"நான் மெரூன்தானே எடுத்தேன்?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். படிக்கிறவங்களுக்கு எதுக்கு?"

அவள் கதவைப் பார்த்தாள். "நீங்க வெள்ளைன்னு எழுதிட்டா அவ உள்ள எழுந்து உக்காந்துடுவாளா?"

உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

"மெரூன்னே எழுதுங்க. லைனிங் குடுத்ததையும் எழுதுங்க. சாப்பிடலன்னு நீங்க கேட்டப்ப மாத்திர மயக்கம்னு சொன்னேன்ல, அதையும் எழுதுங்க."

"நானும் இருக்கும்னுதானே சொன்னேன்."

"அப்ப அதையும் எழுதுங்க. என்னை மட்டும் எதுக்கு மாட்டிவிடுறீங்க?"

ஒரு கணம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "வாய் தொறந்து சொல்லத் தெரியாத ஜீவன், நாம பாத்துக்குவோம்னு நம்பித்தான் அப்படி அடங்கிக் கிடந்திருக்கு" என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு தன் மூலைக்குப் போய்விட்டாள். வெள்ளை வாக்கியத்தை அடித்துவிட்டேன். நீங்கள் மூன்றாவது பகுதியில் படித்ததுதான் அவள் சரிபார்த்தது.

7

முடிவுகள்.

பத்திரிகைக்காரருக்குப் பிடித்த முடிவு: கதவு திறக்கிறது. பாபின் தள்ளாடிக்கொண்டு நடந்து வந்து, என் கையிலுள்ள சிரிப்புக் கதையைக் கவ்விப் பிடுங்கிக் கிழிக்கிறது. எல்லாரும் சிரிக்கிறோம். (கிழிக்கட்டும். அத்தனை பக்கத்தையும் கிழிக்கட்டும்.)

இன்னொரு முடிவு: டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் நேராக என் மனைவியிடம் போய், "அம்மா, நாங்க எவ்வளவோ—"

முடியாது. இதை எழுத என்னால் முடியாது. பேனா நின்றதும் அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தாளை மறைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, முடிவே இல்லாத முடிவு. நான் எழுதிக்கொண்டே இருக்கும்வரை இந்தக் கதவு மூடியே இருக்கும். இந்தப் பெஞ்சைப் பற்றி எழுதலாம், சுவரில் நாய்களுக்கான தடுப்பூசிப் படம் இருக்கிறது, அதைப் பற்றி எழுதலாம், பூனைக் கூடையோடு எதிரில் உட்கார்ந்திருப்பவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கூடையை மடியோடு அணைத்துக்கொண்டதைப் பற்றி எழுதலாம். கதவு மூடியிருக்கும்வரை உள்ளே பாபினுக்கு மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்தக் கணக்கில் நான் ஒரு பெரிய நாவலே எழுதத் தயார்.

ஆனால் பெஞ்சின் மறுகோடியில் இருப்பவள் எனக்காக நிற்கமாட்டாள். அவள் என்ன தைக்கிறாள் என்று உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை அல்லவா? காலையில் பையில் திணித்தது ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. வெள்ளைத் துணியும் ஊசியும் நூலும்தான். வந்து உட்கார்ந்ததிலிருந்து கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறாள். அளவு அவளுக்கு மனப்பாடம். இந்தத் தடவை லைனிங் கிடையாது. ஒற்றைத் துணி. வயிற்றுப் பக்கம் தனியாகத் திறந்து பார்க்க ஒரு மடிப்பு, அதை மூட ஒரு சின்ன நாடா. (வெள்ளைத் துணி என்றதும் உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் தோன்றியது.)

ஓரம் அடித்தாயிற்று. முதுகு நாடாக்கள் தைத்தாயிற்று. கடைசி நாடா கையில் இருக்கிறது. வேண்டுமென்றே மெதுவாகத் தைக்கிறாள். நானும் வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறேன்.

8

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள்.

அதே நேரத்தில் கதவு திறந்தது. டாக்டரம்மா இல்லை, கூட வேலை செய்யும் பெண் வந்து நிற்கிறாள். முகத்தில் மாஸ்க். கண்களை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பாபின் வீட்டுக்காரங்க யாரு?" என்று கேட்டாள். அந்தக் குரலையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன். அதிலும் ஒன்றும் இல்லை.

பயமாக இருக்கிறது என்று சொல்ல எதற்கு இத்தனை சுற்று? பயமாக இருக்கிறது.

என் மனைவி எழுந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை முழங்கையில் தொங்குகிறது, நாடாக்கள் ஆடுகின்றன. என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அதை வச்சிட்டு வாங்க. ரெண்டு கையும் காலியா வாங்க."

சட்டையைப் போட்டுவிடுவதற்கா, பாபினைத் தூக்கிக்கொண்டு போவதற்கா, எனக்குத் தெரியாது. எதற்காக இருந்தாலும் இரண்டு கை வேண்டும். நான் எழுந்தாக வேண்டும், இதற்கு மேல் உட்கார்ந்து எழுதுவது நியாயமில்லை.

பெஞ்சில் வைத்தால் காற்றில் பறந்துவிடும். இந்தத் தாள்களைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள தாளில் கறை இருக்கிறது, மறைக்க வேண்டாம். காய்ந்துவிட்டது, கையில் ஒட்டாது.